தனியாகப் பேசட்டும்

"பொண்ணும் மாப்பிள்ளையும் கொஞ்சம் தனியாப் பேசட்டும்" என்று இருவரையும் உள் அறைக்கு அனுப்பினார்கள். கூடத்தில் காப்பிகூட ஆறவில்லை. திரைச்சீலைக்குப் பின்னால் மாப்பிள்ளை செல்வினின் குரல் உயர்ந்தது.

"மரியாதையாத் தங்கத்தை எல்லாம் எடுத்து வை!"

பெண்ணின் அப்பா தேவசிகாமணிக்கு முகம் வெளுத்தது. மகள் கெசியாவுக்குப் போன வருடம் வந்த சம்பந்தமும் நகையில்தான் முறிந்தது.

"நாங்க ஒண்ணுமே கேக்கலியே அண்ணாச்சி!" என்று செல்வினின் அம்மா பதறினாள்.

"உயிரே போனாலும் தரமாட்டேன்." இது கெசியா.

"அப்போ கத்தியை எடுக்கேன்!"

தேவசிகாமணி பாய்ந்து போய்த் திரையை விலக்கினார். செல்வின் கையில் கத்தி இல்லை, பகடை இருந்தது. மேசையில், ஆளுக்கொரு வேஷமாகப் பேசி ஆடும் சாகச விளையாட்டுப் புத்தகம் விரிந்து கிடந்தது. அமெரிக்காவிலிருந்து கெசியாவின் சித்தப்பா அனுப்பியது.

"நான்தாம்ப்பா புதையலைக் காக்குத பூதம். இவுக திருட வந்திருக்காக" என்றாள் கெசியா. "தனியா விளையாட முடியாதுல்லா? வந்த நாள்லேருந்து அலமாரியிலயே கெடந்துச்சு."

கெசியாவின் அம்மா அவள் காதோரம் குனிந்தாள். "ஏட்டி, மாப்பிள்ளையைப் பிடிச்சிருக்கா?"

செல்வின் உருட்டிய பகடையிலிருந்து கெசியா கண்ணை எடுக்கவில்லை.

"பூதம் இன்னும் சாகலைம்மா. அடுத்த ஞாயித்துக்கெழமையும் இவுகளை வரச் சொல்லுங்க."