எந்தக் குலம்?

"ஒரே ஒரு வார்த்தைங்க. அதைச் சொல்லிட்டு வெளியே வந்துடக் கூடாதா?"

கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று ஹோதன் கெஞ்சினாள். அந்தப் பக்கம் அவள் கணவன் சமத்தர் தலைகுனிந்து நின்றான். நேற்று மொகதிஷு சந்தையில் ஆண்களை மொத்தமாக அள்ளிக்கொண்டு வந்ததிலிருந்து போலீஸார் கேட்பது ஒரே கேள்விதான்: எந்தக் குலம்?

அவனும் ஒரே பதிலைத்தான் சொல்கிறான். "நான் சோமாலி."

இளைஞர் கட்சிக்காரர்கள் சொல்கிற பதில் அது. குலப் பெயரை வாயால் சொல்வதில்லை என்று சத்தியம் செய்தவர்கள். சமத்தரின் சட்டையிலும் கட்சி பேட்ஜ் மின்னியது.

"போன வாரம்கூட அவங்களை வேலைவெட்டி இல்லாதவங்கன்னு திட்டினீங்க. எல்லாம் கட்சியில இருக்கிற அந்தத் தையல்கார நூர் சகவாசம்!"

சமத்தர் அருகில் நின்ற காவலனைப் பார்த்தான். "வீட்டுக்குப் போ ஹோதன். யார் கேட்டாலும் வாயைத் திறக்காதே."

"பிள்ளைக்கு மூணு நாளா காய்ச்சல். விட்டு நகர முடியல. உங்களுக்குக் கட்சிதான் பெருசாப் போச்சா?"

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவளுக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

முற்றத்தில் தார்ப்பாய் மூடிய லாரி நின்றது. வெள்ளைக்கார போலீஸ் துரைக்கு மொழிபெயர்க்கும் ஜிப்ரில் அவளை ஓரமாக அழைத்தார்.

"தங்கச்சி, உங்க தெரு வர்சமே குலத்தைச் சொன்னான். அரை மணி நேரத்துல வீட்டுக்கு அனுப்பிட்டோம். பார்த்தியா?"

"பார்த்தேண்ணே."

"மதியத் தொழுகைக்கு முன்னாடி லாரி கிளம்பிடும். பாலைவனச் சிறைக்கு. அப்புறம் என் கையில எதுவும் இல்லை."

ஹோதன் லாரியைப் பார்த்தாள். சமத்தர் கோபிப்பான். கோபிக்கட்டும், வீட்டுக்கு வந்து கோபிக்கட்டும்.

"அவர் குலம் ரேர் கூஷான்" என்றாள்.

ஜிப்ரில் உள்ளே ஓடினார். அடுத்த நிமிடம் சமத்தரைக் கையைக் கட்டி இழுத்து வந்தார்கள். லாரியின் தார்ப்பாய் விலகியது. உள்ளே அவன் பெரியப்பாவும் அவருடைய இரண்டு மகன்களும் உட்கார்ந்திருந்தார்கள்.

"அண்ணே! வீட்டுக்கு அனுப்புவீங்கன்னுதானே சொன்னேன்!"

"வேற குலமா இருந்தா அனுப்பியிருப்போம். முந்தாநாள் கிணத்தடியில போலீஸ்காரரைச் சுட்டுட்டு ஓடினவன் ரேர் கூஷான். அவன் கிடைக்கிற வரைக்கும் அந்தக் குலத்து ஆம்பளை ஒருத்தனையும் விடக் கூடாதுன்னு துரை உத்தரவு. இவனைக் கட்சிக்காரன்னுல்ல நினைச்சோம்!"

சமத்தர் அவளைத் திட்டவில்லை. நெஞ்சை மட்டும் அவள் பக்கம் திருப்பிக் காட்டினான்.

"இந்த பேட்ஜைக் கழட்டி நூர்கிட்ட கொடுத்துடு. இரவல் வாங்கினது."