ஒன்பதாவது வரி

அவன் செடித்தொட்டியைச் சன்னலிலிருந்து இறக்கித் தரையில் வைத்தான்.

காலையில் ஒரு பூ உதிர்ந்திருந்தது. இறக்கை விரித்த அந்துப்பூச்சி மாதிரி வெள்ளைப் பூ. கீழே விழுந்தும் வாடாமல் கிடந்தது.

மனைவி கடிதத்தைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"படிங்க. பூ வேற உதிருது. எங்கயாச்சும் தப்புப் பண்றமோ என்னவோ."

ஞாயிறுதோறும் இதுதான். செடிக்குத் தண்ணீர் விடும் நாள். விடும் முன்னால் கடிதம் படிக்க வேண்டும். அவளுக்கு எழுத்துத் தெரியாது. அவனுக்கு நாற்பத்தைந்து வயதில் தெரிந்தது. லாரி செட்டில் மூட்டை இறக்கிவிட்டு வந்து, முதுகு கடுக்கக் கடுக்க இரவுப் பள்ளியில் உட்கார்ந்து கற்றது.

கடிதம் மகள் கோகிலா எழுதியது.

ஓசூர்ப் பக்கம் பூப்பண்ணைக்கு வேலைக்குப் போனவள், கூட வேலை பார்த்த பையனையே கட்டிக்கொண்டாள். வேறு சாதி. எனக்கு மகளே கிடையாது என்று தெருவில் நின்று அவன் சொன்னான். சொல்லி இரண்டு வருஷம்.

தை மாதம் பார்சலில் ஓர் அட்டைப்பெட்டி வந்தது. உள்ளே இந்த ஆர்க்கிட் செடி. கூடவே ஒரு தாள்.

ஒன்பது வரி.

எட்டு வரி செடியைப் பற்றி.

ஒன்பதாவதை அவன் ஒரு தடவைகூட வாய்விட்டுப் படித்ததில்லை. சித்திரைக் கடைசியில் பிரசவத்துக்கு நாள் சொல்லியிருக்கிறார்கள். தலைப்பிரசவம். அம்மாவை அனுப்பச் சொல்லி.

இன்று சித்திரை இருபது.

வந்த புதிதில் தொட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த வேர்களைப் பார்த்து அவள் பதறிப்போனாள். உள்ளே மண்ணே இல்லை. மரப்பட்டைத் துண்டும் கரியும்தான். "பாவம், பட்டினி கெடக்குதே" என்று செம்மண் கொண்டுவந்து வேரை மூடினாள். அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றினாள். எறும்பு ஏறிவிட்டது.

அன்றைக்கு அவன் கத்தின கத்து தெருவுக்கே கேட்டது.

"எழுதியிருக்கிறபடி செய்யணும்டி. நம்ம இஷ்டத்துக்குச் செய்யக் கூடாது."

வேர் வேராகக் கழுவினான். பட்டைத் துண்டுகளின் இடுக்கில் போயிருந்த மண்ணைத் தீக்குச்சியால் நோண்டி எடுத்தான். மூட்டை தூக்கித் தூக்கிக் காய்த்துப்போன விரல்கள். ஒரு வேர் முறியவில்லை.

"படிங்களேன்."

படித்தான்.

நேர் வெயில் வேண்டாம். காலை வெளிச்சம் போதும். வாரம் ஒரு தடவை தண்ணீர். ஊற்றினது முழுக்க வடிந்துவிட வேண்டும். குருத்தில் தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும், துணியால் ஒற்றி எடுக்கவும். தாகம் எடுத்தால் வேர் வெளுக்கும், குடித்தால் பச்சையாகும். வேரை மூட வேண்டாம், அதற்குக் காற்று வேண்டும். மண் கூடவே கூடாது.

தாளை மடித்தான்.

"அப்புறம்?" என்றாள்.

இத்தனை வாரத்தில் அவள் கேட்காத கேள்வி.

"அவ்ளோதான்."

"கீழ இன்னொரு வரி இருக்கே."

அவளே மடிப்பைப் பிரித்தாள். விரல் அந்த இடத்தில் சரியாகப் போய் நின்றது.

அவன் தாளை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனான். தள்ளிப் பிடித்தான். கண் தெரியாதவன் மாதிரி.

"பூ உதிர்ந்தாலும் செடியத் தூக்கிப் போட்டுடாதீங்கன்னு எழுதியிருக்கு."

அவள் அவனையே பார்த்தாள். பிறகு எழுந்து உள்ளே போனாள்.

அவன் செம்பைச் சாய்த்துத் தண்ணீர் ஊற்றினான். வெளுத்திருந்த வேர்கள் பச்சையாகிக்கொண்டு வந்தன. அடியில் வடிந்தது. குருத்தில் ஒரு சொட்டு நின்றது. துண்டு நுனியை முறுக்கி ஒற்றினான்.

அவள் ஒரு பையோடு வந்தாள்.

பையின் வாய் நிறைந்திருந்தது. மேலே பிரசவ மருந்துப் பொட்டலம். அதற்குக் கீழே வெள்ளைத் துணிகள். துவைத்து, சதுரம் சதுரமாகக் கிழித்து, மடித்தது.

அவனுடைய பழைய வேட்டி.

"மண்ணு போடக் கூடாதுன்னு நீங்க கத்துனப்ப எனக்கு நம்பிக்கை வரல" என்றாள். "மண்ணு இல்லாம எந்தச் செடிங்க பொழைக்கும்? மறுநாளே கடுதாசிய எதிர்வீட்டு டீச்சரம்மாகிட்ட கொண்டுபோய்க் காட்டினேன். அது ஒம்போது வரியும் படிச்சுது."

செம்பு அவன் கையிலேயே இருந்தது.

"நீங்களா படிப்பீங்கன்னு வாராவாரம் எடுத்துக் குடுத்தேன்."

குரல் ஏறவில்லை. சண்டைக்கு வந்த மாதிரியே இல்லை.

"பதினோரு மணிக்கு பஸ்ஸு. செடிய நீங்க பாத்துக்கங்க. உங்களுக்குத்தான் எட்டு வரியும் மனப்பாடமாச்சே."

செருப்பை மாட்டினாள். மாட்டியவள் போகவில்லை. வாசற்படியில் பையை மடியில் வைத்துக்கொண்டு, தெருவைப் பார்த்து உட்கார்ந்தாள்.

பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது.

அவன் ஈரக் கையைத் துண்டில் துடைத்தான். தாளைப் பிரித்தான். மூன்று மாதமாகக் கண்ணை மூடினாலும் தெரிகிற வரி. ஆனாலும் முதல் நாள் பள்ளியில் செய்ததுபோல எழுத்துக்கு அடியில் விரலை வைத்தான்.

அவள் முதுகு அசையாமல் இருந்தது.

"அப்பா," என்று படித்தான்.

விரல் அடுத்த சொல்லுக்கு நகரவில்லை.