அத்தரை மீறி

சன்னல் வெயில் மருத்துவரின் மேசைவரை நீண்டு கிடக்கிறது. முசலிக் கிராமத்திலிருந்து வந்த நிஸ்லா, எவ்வளவு தின்றும் மெலிந்துகொண்டே போகும் மகள் ஹம்னாவுக்கு அத்தர் பூசி மடியில் வைத்திருக்கிறாள். "வெளிக்குப் போனா எண்ணெய் மிதக்குதோ? நாத்தம் கூடவோ?" என்கிறார் மருத்துவர் சுபத்திரா. "இல்லை டொக்டர்." நிஸ்லாவின் கண் நிலத்தில். அந்த நேரம் பார்த்துப் பிள்ளை உடுப்போடேயே வெளிக்குப் போய்விடுகிறாள். அத்தரை மீறி நாற்றம் அறையை நிறைக்கிறது. அவளைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்கு ஓடப்போன நிஸ்லாவை மருத்துவர் மறிக்கிறார். "கழுவாதேங்கோ தங்கச்சி. நான் பாக்கவேண்டியது இதைத்தான்." பிள்ளையின் உள்ளுடுப்பைக் கழற்றி வெயிலில் பிடிக்கிறார், மஞ்சள் எண்ணெய் மினுங்குகிறது. "கொழுப்பைச் செரிக்க வைக்கிற கணையநீர் சரியாச் சுரக்கேல்லைப் போல. சோதிச்சுப் பாப்பம், மருந்து இருக்கு." நிஸ்லா நிமிரவில்லை. ஹம்னா, வீட்டில் ஒவ்வொரு தடவையும் செய்து பழகியபடியே, தன் சின்னக் கையால் உம்மாவின் மூக்கைப் பொத்திவிடுகிறாள்.