அடி இலையில் நாலு முட்டை

வேலிக்கு வெளியே ஊதாப் பூ பூத்த முட்செடி ஒன்று நின்றது. வேலிக்கு உள்ளே, தொட்டியில் ஒரு ரோஜா. வண்ணத்துப்பூச்சி முட்செடியில் வயிறு நிறையத் தேன் குடிக்கும். குடித்த கையோடு ரோஜாவின் மேல் போய் உட்கார்ந்து சிறகை விரித்துக் காட்டிக்கொள்ளும். அந்த ரோஜாவில் ஒரு சொட்டுத் தேன் கிடையாது.

ஒரு நாள் வெள்ளாடு ஒன்று வந்து முட்செடியை நுனியிலிருந்து மேய ஆரம்பித்தது.

"முள்ளைப் போய்த் தின்னுறியே, வெட்கமா இல்ல?" என்றது வண்ணத்துப்பூச்சி.

"எனக்கு முந்தியே யாரோ தின்னிருக்காங்களே," என்று ஓட்டை விழுந்த இலையைக் காட்டியது ஆடு.

"ஏதாவது புழுவா இருக்கும். அந்த மாதிரி ஆளுங்களோட எனக்குப் பழக்கமில்ல."

முட்செடிக்குச் சிரிப்பு வந்தது. போன மாதம் அந்த இலையைத் தின்று கொழுத்த புழுவுக்குச் சிறகு முளைத்ததை அது பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறது.

ஆடு தின்றுகொண்டே அடி இலைக்கு வந்துவிட்டது. வண்ணத்துப்பூச்சி பதறிப்போய்ப் பறந்து வந்தது.

"அத மட்டும் விட்டுடு. அடியில நாலு முட்டை இருக்கு."

"உன்னோடதா? ஆமான்னு சொல்லு, விட்டுடறேன்."

வண்ணத்துப்பூச்சி ஒரு தரம் ரோஜாவைத் திரும்பிப் பார்த்தது.

"என்னோடதா? சேச்சே, இந்த முள்ளுலயா?"

"அப்ப சரி," என்று ஆடு அந்த இலையையும் கடித்தது.

ரோஜா இதில் ஒரு வார்த்தையைக்கூடக் காதில் வாங்கவில்லை.