புகார் கவுண்டருக்கு ஆள் தேவை

சிம்மக்கல்லில் பாதுஷா பாயின் ஃபர்னிச்சர் கடையில் புகார் கவுண்டருக்கு ஆள் இல்லாததால், கோபத்தோடு வந்த வாடிக்கையாளர்களெல்லாம் எதிர்க்கடைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஆள் எடுக்கும் பொறுப்பு மேனேஜர் பாண்டிராஜிடம் இருந்தது. இன்டர்வியூ எடுப்பதில் தன்னை மிஞ்ச மதுரையிலேயே ஆள் கிடையாது என்பது அவருடைய தாழ்மையான கருத்து.

"கேள்வியே கேக்க மாட்டேன் பாய். கோவக்கார கஸ்டமர் மாதிரி கத்துவேன். தாங்குறவங்கதான் நமக்கு ஆளு."

வந்தவர்களில் ஒருவன் எழுந்து ஓடினான். ஒரு பெண் அழுதாள். அடுத்தவன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு சண்டைக்கே வந்துவிட்டான். பாதுஷா நம்பிக்கை இழந்துகொண்டிருந்தபோது, கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் உள்ளே வந்தாள்.

பாண்டிராஜ் மேசையைத் தட்டினார். "சொன்ன நேரத்துக்குக் கொண்டாரத் தெரியாதா? மனுசன் எம்புட்டு நேரம் காத்துக் கிடக்குறது?"

"காத்திருந்தது கஷ்டந்தான், இல்லேங்கல. தெப்பக்குளத்துல பஸ்ஸு ரிப்பேராகி நின்னுபோச்சு. முதல்ல தண்ணி குடிங்க, பெறகு பேசுவோம்."

பாண்டிராஜ் தண்ணீரைக் குடித்து அடங்கினார்.

பாதுஷா துள்ளி எழுந்தார். "இவங்கதான்யா ஆளு! உன் டெஸ்ட்டு பிரமாதம் பாண்டிராஜ்!"

"பாய்..." பாண்டிராஜ் நெளிந்தார். "அது டெஸ்ட்டு இல்ல பாய், நெசமாவே கத்துனேன். இவ என் சம்சாரம் செல்லக்கிளி. மத்தியானச் சோறு கொண்டாந்திருக்கா."

பாதுஷா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "தங்கச்சி, வேலைக்கு வர்றீங்களா?"

செல்லக்கிளி சோற்றுப் பையைக் கணவரின் முன்னால் வைத்துவிட்டுத் தலை நிமிர்ந்தாள்.

"நாளைக்கே வாரேண்ணே. இருபது வருசமா ஒரே கஸ்டமரச் சமாளிச்சு அலுத்துப்போச்சு."