அடுத்த ஏன்

"மாட்டுக் கண்ணுல அடிக்கிறவரு மனுசனா? நீங்களே சொல்லுங்க."

நைட் ஷிப்ட் முடிந்து ஒரகடத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கிய பிரவீன், சாப்பாட்டுப் பையைக்கூட இறக்கி வைக்காமல், பக்கத்து வீட்டு ரத்தினத்தின் கேட்டைப் பிடித்துக்கொண்டு கத்தினான். படப்பைப் பக்கத்துப் புது நகரில் காலையில் ஒரு சண்டை என்றால் டிபனெல்லாம் அப்புறம்தான். தெரு கூடிவிட்டது.

அவன் பசு மல்லி வேப்பமரத்தடியில் நின்றது. இடது கண்ணைத் திறக்கவே முடியவில்லை. வழிந்த நீர் கன்னத்தில் கோடு போட்டிருந்தது. கருவிழியில் வெள்ளையாக ஏதோ படர ஆரம்பித்திருந்தது. கண் போய்விடுமோ என்று பிரவீனின் மனைவி தென்றலுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"நாலு நாளா கண்ணு ஏன் கலங்குதுன்னு மண்டைய ஒடச்சிக்கினு கீறேன். இன்னிக்கு ஆளு கையும் களவுமா மாட்டிக்கினாரு. துண்டச் சுத்திச் சுத்தி மூஞ்சிலயே அடிக்கிறாரு. என் கண்ணால பாத்தேன்" என்றான் பிரவீன்.

"அடிக்கல தம்பி, ஈ ஓட்டினேன்" என்றார் ரத்தினம். "கண்ணச் சுத்தி ஒரே ஈயா மொச்சிக்கினு கீது. அத்தப் பாத்துக்கினு எப்படி டீ குடிக்கிறது?"

தெரு சிரித்தது. அடுத்தவன் மாட்டுக்கு ஈ ஓட்டுகிற ஆள் இந்தக் காலத்தில் யார்? புளுகினாலும் கொஞ்சம் பொருத்தமாகப் புளுக வேண்டாமா?

பிரவீன் கம்பெனியில் சூப்பர்வைசர். லைனில் ஒரு பாகம் பழுதாக வந்தால், ஏன், அது ஏன், அதுவும் ஏன் என்று கேட்டுக்கொண்டே போய் மூல காரணத்தைப் பிடிக்க வேண்டும். அந்தப் பழக்கம் அவனோடு பஸ் ஏறி வீட்டுக்கும் வந்துவிட்டது. ரசத்தில் உப்பு குறைந்தால்கூடத் தென்றலுக்கு விசாரணை உண்டு.

"கண்ணு ஏன் கலங்குது? அடிபட்டதால. அடுத்த ஏன். இவரு ஏன் அடிச்சாரு? போன வாரம் மல்லி இவரு வாழையைக் கடிச்சிது, அந்தக் கடுப்பு. மேட்டர் முடிஞ்சிது." எதிர்வீட்டுப் பையனைத் திரும்பிப் பார்த்தான். "பாபு, வீடியோ எடு. நகர் குரூப்புல போடணும். ஸ்டேஷன்லயும் காட்டணும்."

ஸ்டேஷன் என்றதும் ரத்தினத்தின் முகம் சுண்டிப்போனது.

"வேணாம் தம்பி. நாளைக்கும் நான் இந்தத் தெருவுலதான் நடக்கணும்."

"அத்த அடிக்கிறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும்."

அந்த நேரத்தில்தான் கால்நடை ஆம்புலன்ஸ் வந்து நின்றது. விடிந்ததுமே தென்றல் போன் செய்திருந்தாள். டாக்டர் ஷெர்லின் இறங்கி, மல்லியின் கண்ணில் மரத்துப்போகும் சொட்டு மருந்தை விட்டு, இமையை மெல்லத் தூக்கிப் பார்த்தார்.

"இது அடி இல்லை. வந்து பாருங்க."

கண்ணுக்குள் ஒரு வெள்ளை நூல் கிடந்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த நூல் நெளிந்தது.

"யம்மா, உயிரோட கீது" என்றான் பாபு. தெரு ஓரடி பின்னால் போய், உடனே இரண்டடி முன்னால் வந்தது. போகிற ஷேர் ஆட்டோவும் ஓரம்கட்டியது. ஆபீசுக்கு நேரமாச்சு என்று பறந்தவர்களே முதலில் இறங்கினார்கள்.

டாக்டர் மருந்துத் தண்ணீரைப் பீய்ச்சினார். இமை மடிப்பிலிருந்து இன்னொன்று வந்தது. இடுக்கியால் எடுத்துப் போட, பின்னாலேயே வேறொன்று. ஒவ்வொன்றுக்கும் தெரு கைதட்டியது. கடைசியில் ஓர் ஊசியும் போட்டார். மல்லி தலையைச் சிலுப்பிவிட்டு மெதுவாகக் கண்ணைத் திறந்தபோது, தென்றல் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"கண்ணு தப்பிச்சது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா பார்வை போயிருக்கும்" என்றார் டாக்டர்.

பிரவீனுக்குத் தலைகால் புரியவில்லை. சந்தோஷத்தில் பழைய பழக்கம் முந்திக்கொண்டது.

"மேடம், புழு ஏன் வந்துது?"

"ஈயாலதான். கண்ணீரைக் குடிக்க வரும், வரும்போது புழுவையும் கொண்டுவந்து விட்டுடும்."

தெரு மொத்தமும் ரத்தினத்தின் கையிலிருந்த துண்டைப் பார்த்தது. யாரும் சிரிக்கவில்லை.

"அடுத்த ஏனையும் கேளுங்க" என்றாள் தென்றல், புருஷனை விடாமல்.

"இங்க மட்டும் ஏன் மேடம் இவ்ளோ ஈ?"

டாக்டர் சுற்றிலும் பார்த்தார். ரத்தினத்தின் சுவரை ஒட்டிய காலி மனையில் சாணி மலைபோல் குவிந்திருந்தது.

"அதோ, அதுலதான் முட்டை போடுது. யாரு இப்படிக் கொண்டுவந்து கொட்டறது? அந்த ஆளுதான் இந்த மாட்டுக் கண்ணைக் கெடுத்தது."

பாபுவின் போன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. இப்போது அது ஆளைத் தேடிச் சுற்றியது.

பிரவீன் மெல்ல மல்லிக்குப் பின்னால் நகர்ந்தான். ஷிப்டுக்குக் கிளம்புமுன் இருட்டில் அங்கே கொட்டுவது அவன்தான். "ஈ மொய்க்குது, வேணாம் தம்பி" என்று ரத்தினம் ஒரு தடவை வந்து சொன்னார். "உன் இடத்துலயா கொட்டறேன்?" என்று அவர் முகத்திலேயே கதவைச் சாத்தியிருந்தான். தெருவில் வேறு யாருக்கும் இது தெரியாது.

ரத்தினம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கேமராவுக்கு நேராக வந்து நின்றார். பிரவீன் தலையைக் குனிந்துகொண்டான்.

"என்னுதுதாம்மா. வாழைக்குப் போடலாம்னு தம்பிகிட்ட நான்தான் கேட்டு வாங்கி வச்சேன். இன்னிக்கே எடுத்துடறேன்."