மாடி வீட்டு மலைப்பாம்பு

விவேக் நகரில் சிந்தியாவின் பூனை லில்லியை மூன்று நாளாகக் காணவில்லை. அவள் வீட்டு மாடியில் குடியிருந்த கிஷோர் மலைப்பாம்பு வளர்ப்பவன். அவனோ சில நாட்களாகச் சிந்தியாவைக் கண்டாலே கதவைச் சாத்திக்கொண்டான்.

பொறுக்க மாட்டாமல் மாடியேறிக் கதவைத் தட்டினாள்.

"உன் பாம்புக்கு என்னப்பா தீனி போடறே?"

"எலிதான் ஆன்ட்டி. காட்டுல எதைத் தின்னுமோ அதைத்தான் குடுக்கணும்."

"பூனையக் குடுத்தா திங்காதா?"

கிஷோருக்கு முகம் சிவந்தது. "அது தின்னே மூணு வாரம் ஆகுது ஆன்ட்டி! ஃப்ரீசர்ல இருக்கிற எலிய எடுத்து, படியை ஒட்டின பால்கனியில, ஐஸ் உருகறதுக்குச் சுடுதண்ணியில போட்டு வைப்பேன். திரும்பிப் பார்த்தா இருக்காது. நீங்கதான் மேல வந்து அருவருப்புல எடுத்து வீசறீங்கன்னு நெனச்சேன்."

"நானா? நான் எலியத் தொடுவேனா?"

பால்கனியில் தண்ணீர் சிதறும் சத்தம் கேட்டது. இருவரும் ஓடிப்போய்ப் பார்த்தார்கள். சொட்டச் சொட்ட ஓர் எலியைக் கவ்விக்கொண்டு சன்ஷேடில் தாவி ஏறியது லில்லி. நன்றாகக் கொழுத்திருந்தது. சிந்தியா பேர் சொல்லிக் கூப்பிட்டும் திரும்பிப் பார்க்கவில்லை.

கிஷோர் மெதுவாகக் கேட்டான். "ஆன்ட்டி, லில்லிக்கு நீங்க என்ன சாப்பாடு போடுவீங்க?"

"தயிர் சோறு" என்றாள் சிந்தியா, குரல் இறங்கி.